மழலையரின் சினமும் நம் கடமையும்

(அகமதாபாத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மழலையர் வகுப்பு ஆசிரியைகளின் சார்பில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டு விழா மேடை நற்பிள்ளைகளுக்கு உரிய மேடை. சற்று நேரத்தில் சின்னஞ்சிறு குழந்தைகள் வரிசையாக வந்து நின்று, கை கூப்பி, மனப்பாடம் செய்ததைப் பிழையின்றி ஒப்புவிப்பார்கள். நாம் அனைவரும் கைதட்டி மகிழ்வோம். ஆனால் அந்த வரிசையில் நிற்க மறுத்துத் தரையில் புரண்டு அழும் குழந்தையும் நம் குழந்தையே. பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டுத் திரைக்குப் பின் ஒளிந்துகொள்ளும் குழந்தையும் நம் குழந்தையே. அத்தகைய குழந்தைகளைப் பற்றிச் சில சொற்கள் கூறவே உங்கள் முன் நிற்கிறோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நம் காலனியில் நான்கு வயது நிரம்பாத ஒரு சிறுவனை, அவன் சேர்ந்திருந்த விளையாட்டுப் பள்ளியார், 'இவனை எங்களால் வைத்துக்கொள்ள இயலாது' என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். பெற்றோர் அவனை நம் சங்கத்தின் மழலையர் வகுப்புக்கு அழைத்து வந்தனர். வந்த இரண்டு வாரங்களில் அவன் மூன்று குழந்தைகளைக் கடித்துவிட்டான். கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் வந்து, 'ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளைகள் துன்புற வேண்டுமா?' என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. தன் குழந்தையின் கையில் பல் தடம் கண்ட தாயின் மனம் கொதிக்காமல் இராது. ஆனால், இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் அச்சிறுவன் வேறு எங்கே போவான்? அந்தக் கேள்வியும் நியாயமானதே. இவ்விரண்டுக்கும் ஒருசேர விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கம்.

இயல்பு எது?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். இரண்டு மூன்று வயதுக் குழந்தை அடிப்பதும், கடிப்பதும், பொருளை வீசுவதும் வளர்ச்சியின் வழியில் காணப்படும் இயல்புகள். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு திரெம்பிளே என்பார் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். மனித வாழ்வில் அடித்தலும் உதைத்தலும் மிகுந்து காணப்படும் பருவம் இளமைப் பருவம் அன்று, இரண்டு முதல் நான்கு வயது வரையிலான மழலைப் பருவமே என்று அவர் ஆராய்ச்சி காட்டிற்று. அதன்பின் பெரும்பாலான குழந்தைகளிடம் இது படிப்படியாகக் குறைகிறது. அடிப்பதற்கு எக்குழந்தைக்கும் ஆசிரியர் தேவையில்லை. அடிக்காமல் இருப்பதற்கே ஆசிரியர் தேவை. அந்த ஆசிரியர் தாயாகலாம், தந்தையாகலாம், தாத்தா பாட்டியாகலாம், எங்களைப் போன்ற வகுப்பாசிரியையாகவும் இருக்கலாம்.

இதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. பொங்கும் உணர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல், நெற்றிக்குப் பின்னே உள்ள மூளைப் பகுதியைச் சார்ந்தது. அப்பகுதி முழு வளர்ச்சி பெற இருபத்தைந்து வயதளவும் ஆகிறது. அங்ஙனமிருக்க, மூன்று வயதுக் குழந்தையிடம் முப்பது வயதினரின் பொறுமையை எதிர்பார்த்தல் பொருந்துமா? பெரியவர்களாகிய நமக்கே பசி வந்தால் குரல் உயர்கிறது, தூக்கம் குறைந்தால் சொல் தடிக்கிறது. அமெரிக்க உளவியலறிஞர் பிளாரென்சு குடினஃப் அம்மையார், தாய்மார்கள் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்துக் குழந்தைகளின் சினத்தைப் பற்றி 1931-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உணவு வேளைக்குச் சற்று முன்பே குழந்தைகளின் சினம் மிகுதியாக எழுகிறது என்பது அவர் கண்ட செய்திகளுள் ஒன்று. நம் பாட்டிமார், 'பிள்ளைக்குப் பசிக்கிறது, முதலில் சோறு போடு' என்று கூறியது வெறும் செல்லம் அன்று.

இம்மண்ணில் தோன்றிய வழிகாட்டி

பிழைப்பைத் தேடி வந்த நமக்குக் குஜராத்து நாடு தொழிலைத் தந்தது, வீட்டைத் தந்தது. குழந்தையை அறியும் கலையிலும் இம்மண் நமக்கு ஒரு பேராசானைத் தந்திருக்கிறது. சௌராட்டிரத்தில் 1885-இல் பிறந்த கிஜுபாய் பதேக்கா அவர்கள் வழக்குரைஞராக இருந்தவர். தமக்கு ஒரு மகன் பிறந்தபின், குழந்தையை எவ்வாறு வளர்ப்பது என்று ஆராயத் தொடங்கி, மரியா மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைக் கற்று, வழக்குமன்றத்தைத் துறந்து கல்விப் பணியில் ஈடுபட்டார். பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தின் சார்பில் 1920-இல் பாலமந்திரைத் தோற்றுவித்தார். மீசை வைத்த அம்மா என்ற பொருள்பட மக்கள் அவரை 'மூச்சாளி மா' என்று அழைத்தனர். குழந்தையை அடித்தும் அச்சுறுத்தியும் கற்பிப்பது வழக்கமாக இருந்த காலத்திலே அவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார்.

அவருடைய 'திவாஸ்வப்ன' என்னும் நூல் தமிழிலும் 'பகல் கனவு' என்ற பெயரில் கிடைக்கிறது. அதிலே வரும் ஆசிரியர் முதல் நாளில் பிள்ளைகளை அமைதியாக அமரச் செய்யும் விளையாட்டு ஒன்றைத் தொடங்குகிறார். பிள்ளைகள் கூச்சலிட்டு அதைக் குலைத்துவிடுகின்றனர். அவர் பிரம்பை எடுக்கவில்லை. அன்றைக்கு விடுமுறை அளித்து அனுப்பிவிட்டு, மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். பிள்ளைகள் தாமாகவே அடங்கி அமர்கின்றனர். இதில் நமக்குள்ள பாடம் எளியது. ஒரு வழி பயனளிக்கவில்லையெனில் மாற்ற வேண்டியது வழியை. பிள்ளையை மாற்ற வேறு பள்ளிக்கு அனுப்புவது அன்று.

மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுதும் நம் நாட்டிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதை நம்மில் பலர் அறிவோம். கைக்கும் கருத்துக்கும் ஏற்ற வேலை கிடைத்துவிட்டால் அலைபாயும் குழந்தை தானே அமைதியுறும் என்பது அவர் தம் பள்ளிகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. கிஜுபாயுடன் பாவ்நகரில் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945-இல் போர்டிக்குச் சென்று, பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். குழந்தை நம்மிடம் வர இயலாதபோது நாம் குழந்தையிடம் செல்லுதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு கூறும் பொருள்.

செயலின் பின்னே ஒரு செய்தி

குழந்தையின் முறையற்ற செயல் ஒவ்வொன்றும் நமக்கு எதையோ கூறுகிறது. சொல்லத் தெரியாததைக் கை சொல்கிறது, பல் சொல்கிறது. அச்செய்தி பெரும்பாலும் நான்கு வகைப்படும். 'எனக்கு அது வேண்டும்' என்பது ஒன்று. 'இதிலிருந்து என்னை விட்டுவிடுங்கள்' என்பது மற்றொன்று. 'என்னைப் பாருங்கள்' என்பது மூன்றாவது. 'என் உடல் இதைத் தாங்கவில்லை' என்பது நான்காவது; இரைச்சல், நெரிசல், வெப்பம், அரிக்கும் சட்டை இவை எல்லாம் இதில் அடங்கும்.

எந்தச் செய்தி என்று அறிவது எப்படி? அதற்கு நாங்கள் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்தோம். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தோம். செயலுக்கு முன் நடந்தது என்ன, குழந்தை செய்தது என்ன, அதன்பின் நாங்களும் மற்றவரும் செய்தது என்ன என்று மணியுடன் எழுதினோம். 'முரடன்', 'அடங்காதவன்' போன்ற சொற்களை அதில் எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டோம். கண்ணால் கண்டதை மட்டுமே எழுதினோம்.

மூன்று வார முடிவில் அக்குறிப்பேடு எங்களுக்குப் பாடம் கற்பித்தது. அச்சிறுவன் திறந்த வெளியில் ஒருமுறையும் கடித்ததில்லை. மணலில் விளையாடும்போதும் கடித்ததில்லை. கடித்தவை அனைத்தும் சிற்றுண்டிக்கு முன், பதினொரு மணியளவில், கை கழுவ ஒரே குழாயின் முன் குழந்தைகள் நெருக்கியடித்து நிற்கும்போது நிகழ்ந்தவை. பசி, நெரிசல், காத்திருத்தல் மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. கடித்தவுடன் நாங்கள் அவனை வரிசையிலிருந்து அப்பால் அழைத்துச் செல்வோம். அவன் விரும்பியதும் அதுவே. கடித்தால் நெரிசலிலிருந்து விடுதலை கிடைக்கும் என்பதை அவன் அறிந்துகொண்டிருந்தான்.

காரணம் தெரிந்தபின் செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது. சிற்றுண்டியை அரைமணி முன்னதாக வைத்தோம். குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழு கை கழுவும்போது மற்றொரு குழு கதை கேட்கும். அச்சிறுவனுக்குக் குவளைகளை எடுத்து வைக்கும் பொறுப்பை அளித்தோம். கூட்டம் பிடிக்கவில்லையெனில் கையை உயர்த்தி, 'தள்ளி நில்லுங்க' என்று சொல்லக் கற்பித்தோம். அவன் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் உடனே அவனுக்கு இடம் கொடுத்தோம். சொல்லுக்குப் பயன் உண்டு என்று கண்ட குழந்தை பல்லை நாடுவது குறைகிறது.

எட்டு வாரங்களில் கடித்தல் பெரிதும் குறைந்தது. இறுதி இரண்டு வாரங்களில் ஒரே ஒரு முறை கடித்தான். அவன் முற்றும் மாறிவிட்டான் என்று நாங்கள் கூற வரவில்லை. இன்றும் சில நாள் தள்ளுகிறான், பொம்மையைப் பிடுங்குகிறான். ஆயினும் அவனுக்கு இன்று இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். அவ்விருவரில் ஒருவன் முன்பு அவனிடம் கடிபட்டவனே.

மொழி தெரியாத வகுப்பறை

நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர் குறிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நம் குழந்தை வீட்டில் தமிழ் கேட்டு வளர்கிறது. மூன்று வயதில் ஒருநாள் காலை அதைக் குஜராத்தி பேசும் பாலமந்திரிலோ, ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசும் விளையாட்டுப் பள்ளியிலோ விட்டு வருகிறோம். அங்கே தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. தன் பொம்மையைப் பிடுங்கியவனைத் தடுக்க ஒரு சொல் இல்லை. புது மொழிச் சூழலில் புகுந்த மழலையர் பலர் சில மாதங்கள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டே இருப்பர் என்பது மொழி கற்றலை ஆராய்ந்தோர் அறிந்த செய்தி. அம்மௌனம் அறிவுக் குறைவு அன்று. ஆனால் மௌனமாயிருக்கும் குழந்தைக்கும் கோபம் வரும். அக்கோபம் கையால் வெளிப்படும்.

இவ்வாறு நேரும்போது சிலர், 'இனி வீட்டில் தமிழ் பேசாதீர்கள், குழந்தை குழம்புகிறது' என்று அறிவுரை கூறுவதுண்டு. இரண்டு மொழி கேட்பதனால் குழந்தையின் பேச்சு வளர்ச்சி தடைப்படுவதில்லை என்பதே ஆராய்ச்சி காட்டும் உண்மை. பேச்சு வளர்ச்சியைக் கணக்கிடும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். தாயும் குழந்தையும் மனம் விட்டுப் பேசும் மொழியைப் பறித்துவிட்டால், சினத்தையும் அச்சத்தையும் துயரத்தையும் அக்குழந்தை எம்மொழியில் கூறும்? ஆகவே தமிழை நிறுத்த வேண்டா. அதனோடு பள்ளிக்குத் தேவையான நாலைந்து சொற்களை முன்னரே கற்பித்து அனுப்புங்கள். 'பாணி' என்றால் தண்ணீர், 'ஆபோ' என்றால் கொடுங்கள், 'நா' என்றால் வேண்டாம் என்பதை விளையாட்டாகவே சொல்லித் தரலாம். அதுபோல, 'தண்ணி', 'வலிக்குது', 'அம்மா வருவாங்க' என்னும் மூன்று தமிழ்த் தொடர்களைப் பள்ளி ஆசிரியைக்கு ஒரு தாளில் குஜராத்தி எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் அறிந்த ஓர் ஆசிரியை அவ்வாறு பெற்ற தாளைச் சுவரிலே ஒட்டிவைத்தார். அழும் குழந்தையின் காதில் 'அம்மா வருவாங்க' என்ற சொல் விழுந்தமட்டில் அதன் முகம் மாறுவதை அவரே எங்களிடம் வியந்து கூறினார்.

அந்த வேளையில் செய்யத்தக்கவை

குழந்தை சினத்தால் கொதிக்கும் வேளை உபதேசத்துக்கு உரிய வேளை அன்று. வெள்ளம் பெருகும்போது கரை கட்ட இயலாது. அப்பொழுது செய்யத்தக்கவை சிலவே.

முதலாவது, அடிபட்ட குழந்தையை முதலில் கவனித்தல். அதன் வலியைப் போக்கியபின் அடித்த குழந்தையிடம் வருதல். இதனால் அடித்தல் கவனத்தைப் பெற்றுத் தரும் வழியாகாமல் போகிறது. இரண்டாவது, குழந்தையின் உயரத்துக்கு நாம் குனிந்து அமர்தல். மேலிருந்து வரும் குரல் அதற்கு இடி முழக்கம். மூன்றாவது, சொல்லைச் சுருக்குதல். 'கோபமா இருக்க. அடிக்க விடமாட்டேன். நான் பக்கத்துல இருக்கேன்.' இவ்வளவு போதும். நான்காவது, அமைதியான ஒரு மூலையில் பாய் விரித்து அங்கே குழந்தையுடன் நாமும் அமர்தல். அது தண்டனைக்குரிய இடம் அன்று, இளைப்பாறும் இடம். ஐந்தாவது, புயல் அடங்கியபின், 'அவன் பிடுங்கினான், உனக்குக் கோபம் வந்தது, அடுத்த முறை என்ன சொல்லலாம்?' என்று இரண்டொரு சொல்லில் பேசுதல்.

பெரும்பாலான அழுகைப் புயல்கள் ஐந்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடுபவை. அந்த ஐந்து நிமிடத்தை நாம் தாங்கிக்கொண்டால் போதும். கேட்ட மிட்டாயை அழுகையின் உச்சியில் கொடுத்துவிட்டால், அழுகைக்கு விலை உண்டு என்று குழந்தை கணக்கிட்டுக்கொள்ளும். கொடுப்பதை நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை முன்னிலும் மிகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதைக் கண்டு மனம் தளர்ந்து ஐந்தாம் நாள் கொடுத்துவிட்டால், முன்னிலும் உரக்க அழவே நாம் கற்பித்தவர்களாவோம்.

புகழ்வதிலும் ஒரு முறை இருக்கிறது. 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகக் கூறுவதால் எதைப் புகழ்ந்தோம் என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. 'உன் முறை வரும்வரை காத்திருந்தாயே!' என்று செயலைக் கூறிப் புகழ்ந்தால் அச்செயல் மறுநாளும் வரும். குறும்பு செய்யும் குழந்தையின் பெயரை வகுப்பில் நாள் முழுதும் அதட்டலாகவே கேட்கிறோம். அப்பெயரை அன்போடு அழைப்பதும் நாளொன்றுக்குப் பலமுறை நிகழ வேண்டும்.

அடியாத மாடு படியாதா?

'அடியாத மாடு படியாது' என்பார் நம்மிடையே உண்டு. குழந்தை மாடு அன்று என்று கூறி இப்பழமொழியைக் கடந்துவிடலாம்; எனினும் சிறிது ஆராய்வோம். அடித்த குழந்தையை, 'இனி அடிக்காதே' என்று கூறிக்கொண்டே நாம் அடித்தால், அதன் காது கேட்பது ஒன்று, முதுகு உணர்வது மற்றொன்று. முதுகு கற்ற பாடமே நிலைக்கிறது. பெரியவன் சிறியவனை அடிக்கலாம் என்பதே அப்பாடம். அடி உடனே பயன் தருவதுபோல் தோன்றும். ஆனால் அடிக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது இன்னதென்று அது கற்பிப்பதில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்றும் கேட்பர். மெய்தான். ஆனால் வளைத்தல் வேறு, ஒடித்தல் வேறு. இளங்கொம்பை வளைப்பவன் மெல்ல வளைத்துக் கட்டி நாள்தோறும் பார்த்து வருவான்.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உரியது. ஆறு வயதினருக்கே தகாது என்று விலக்கப்பட்டது நான்கு வயதினருக்கு எவ்வாறு தகும்?

வீட்டார்க்குச் சில சொற்கள்

உறக்கத்தை முதலில் கூறுகிறோம். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கமும் சேர்த்து நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக நல அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியது. நவராத்திரி நாள்களில் நள்ளிரவு வரை கர்பா காணும் குழந்தை, மறுநாள் வகுப்பில் சிடுசிடுப்பதில் வியப்பென்ன? விழா வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. விழாவின் மறுநாள் பள்ளிக்கு விடுப்பு அளித்துக் குழந்தையை உறங்கவிடுங்கள்.

கைப்பேசியும் தொலைக்காட்சியும் அடுத்தவை. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை திரையின் முன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது. அதனினும் குறைவது நன்று என்று அதே அறிக்கை கூறுகிறது. சோறூட்டும்போது கைப்பேசியைக் காட்டுவது நமக்கு எளிது. ஆனால் சலிப்பையும் காத்திருத்தலையும் தாங்கப் பழகாத குழந்தை வகுப்பில் எவ்வாறு தாங்கும்?

வீட்டில் நிகழும் மாற்றங்களையும் ஆசிரியைக்குத் தெரிவியுங்கள். ஆறு மாதம் உடனிருந்த பாட்டி நவஜீவன் வண்டியேறிச் சென்னைக்குத் திரும்பிவிட்டார் என்பது உங்களுக்கு ஒரு பயணச் செய்தி. குழந்தைக்கு அது பேரிழப்பு. தம்பிப் பாப்பா பிறந்தது, தந்தைக்கு இரவு வேலை மாறியது, கோடை விடுமுறை கழிந்து ஊரிலிருந்து திரும்பியது ஆகிய யாவும் குழந்தையின் கையிலும் காலிலும் வெளிப்படும். மேலும், தாய் 'கூடாது' என்றதைத் தாத்தா மறைவில் 'சரி' என்றால் குழந்தைக்கு எல்லை எது என்று தெரியாது. விதி குறைவாக இருக்கட்டும். இருப்பது வீடு முழுதும் ஒன்றாக இருக்கட்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

எல்லாக் குழந்தைக்கும் பொறுமை ஒன்றே மருந்து என்று கூறிவிட முடியாது. நம் வகுப்பில் ஒரு சிறுமி அழைத்தால் திரும்பமாட்டாள், சொன்னதைச் செய்யமாட்டாள். 'திமிர் பிடித்தவள்' என்று பெயர் வந்துவிட்டது. காது மருத்துவரிடம் காட்டியபோது, சளியினால் இரு செவியின் உள்ளும் நீர் கோத்திருந்தது தெரியவந்தது. மருத்துவத்தால் அது நீங்கிற்று. அவள் சொல் கேளாத பெண் அல்லள். சொல் அவள் செவியில் விழவில்லை.

பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் பேசாமை, இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கற்ற பேச்சை இழத்தல் ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுங்கள். 'ஆண் பிள்ளை, மெல்லத்தான் பேசுவான்' என்று காத்திருக்க வேண்டா. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் செயல், வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் குறையாமல் நீடித்தாலும் அவ்வாறே செய்க. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைச் சோதித்து, தேவைப்படுவோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றனர். அரசின் இவ்வுதவியை நாடுவதில் இழுக்கு ஏதும் இல்லை.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள்

முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளைகள் துன்புற வேண்டுமா? வேண்டா. அதற்காக அந்த ஒரு பிள்ளையை வெளியேற்ற வேண்டுமா? அதுவும் வேண்டா. அமெரிக்காவில் வால்ட்டர் கில்லியம் என்பார் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிகளிலிருந்து குழந்தைகள் வெளியேற்றப்படும் விகிதம் மேல் வகுப்புகளில் உள்ளதைவிட மும்மடங்குக்கு மேற்பட்டது என்று கண்டார். அதே ஆய்வில் நம்பிக்கையூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. குழந்தைகளின் மனநலம் அறிந்த ஒருவர் அவ்வப்போது வந்து ஆசிரியைக்குத் துணை நிற்கும் பள்ளிகளில் வெளியேற்றம் குறைந்திருந்தது. குழந்தையைக் காப்பதற்கு முதலில் ஆசிரியைக்குத் துணை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே செயற்குழுவினரிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஆறு வயதுக்குட்பட்ட எக்குழந்தையையும் நடத்தையைக் காரணம் காட்டி நம் வகுப்பிலிருந்து நீக்குவதில்லை என்று சங்கம் தீர்மானிக்க வேண்டும். வகுப்புக்கு இன்னும் ஒரு துணையாசிரியையையும், கை கழுவும் இடத்தில் இரண்டாவது குழாயையும் தர வேண்டும். குழந்தை மனநலம் அறிந்த ஒருவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்து வர ஏற்பாடு செய்ய வேண்டும். பொங்கல் விழாவின் அலங்காரச் செலவில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். கடித்த குழந்தையின் பெயரைக் காலனியில் பரப்பாதீர்கள். மூன்று வயதில் ஒட்டிய பெயர் பத்து வயதிலும் உதிர்வதில்லை. மாலையில் பூங்காவில் அப்பிள்ளையின் தாய் தனியே அமர்ந்திருந்தால் அருகே சென்று அமருங்கள். தன் பிள்ளையைப் பற்றிப் புகார் ஒன்றையே கேட்டுக் கேட்டுத் தலை குனிந்திருக்கும் அத்தாய்க்கு, 'இன்றைக்கு உங்கள் பையன் குவளையெல்லாம் அழகாக எடுத்து வைத்தானாமே' என்ற ஒரு சொல் பெரும் ஆறுதலாகும். உற்றாரை விட்டுப் பல நூறு மைல் தொலைவில் வாழும் நமக்குப் பெரியம்மாவும் சித்தியும் மாமாவும் அடுத்த வீட்டாரே அல்லரோ? அதற்காகத்தானே சங்கம் அமைத்தோம்?

இவ்வேண்டுகோள்களை வரும் பொதுக்குழுவில் ஏற்றுத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொண்டு எங்கள் உரையை முடிக்கிறோம். 

வாழ்க தமிழ்! வளர்க நம் மழலையர்! வணக்கம்.